எதிர்வீட்டுப் பணிப்பெண்ணுக்கு 23 வயதுதானா? – சட்டக் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் புளோக்கில் எதிர்வீட்டுப் பணிப்பெண் தமிழ்நாட்டிலிருந்து வந்தவள். பார்த்தால் பதினாறு, பதினேழுக்கு மேல் மதிக்க முடியாது. ஓய்வுநாளே இல்லையாம். கடப்பிதழும் கைப்பேசியும் வீட்டுக்காரரிடம் இருக்கின்றனவாம். "அப்பா கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்புனாரு" என்கிறாள். இது மனிதக் கடத்தல் ஆகுமா? நான் என்ன செய்யலாம்? – வாசகி, ஈசூன்

பதில்: அப்பாவின் கையெழுத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள். சிங்கப்பூரில் 2015 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள மனிதக் கடத்தல் தடுப்புச் சட்டத்தில், 18 வயது நிரம்பாதவர் பிள்ளை. பாதிக்கப்பட்டவர் பெரியவர் என்றால் மூன்றை நிரூபிக்க வேண்டும்: ஆளைச் சேர்த்தது, கூட்டிவந்தது அல்லது தங்கவைத்தது; அதற்கு மிரட்டல், ஏமாற்று போன்ற வழியைக் கையாண்டது; சுரண்டும் நோக்கம். பிள்ளை என்றால் நடுவில் உள்ள மிரட்டல், ஏமாற்று போன்றவற்றை நிரூபிக்கத் தேவையில்லை. பிள்ளையோ பெற்றோரோ சம்மதித்தார்கள் என்ற வாதமும் எடுபடாது.

அதற்காக வயது குறைவு என்பது மட்டுமே மனிதக் கடத்தல் ஆகிவிடாது. கட்டாய உழைப்பு, அடிமை நிலை, பாலியல் சுரண்டல், உறுப்பு எடுத்தல் போன்ற நோக்கம் இருக்க வேண்டும். இங்கே வீட்டுப் பணிப்பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயது 23. அவள் உண்மையிலேயே பதினாறு என்றால் கடப்பிதழில் பிறந்த ஆண்டு மாற்றப்பட்டிருக்கும்; அதைச் செய்தவர் யார் என்பதிலிருந்தே விசாரணை கிளம்பும். பல், எலும்பு வளர்ச்சியை வைத்து மருத்துவர்கள் வயதைத் தோராயமாகக் கணிப்பார்கள், துல்லியமாக அல்ல. ஓய்வுநாளைப் பொறுத்தவரை, 2023 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு ஓர் ஓய்வுநாளையாவது கொடுத்தே ஆக வேண்டும்; அதற்குப் பதிலாகப் பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது.

வீட்டுக்காரரிடம் நேரில் போய்க் கேட்காதீர்கள். பெரும்பாலும் காரியம் கெடுவது இங்கேதான்: அவளது வேலை பெர்மிட்டை ரத்துசெய்து, மறுநாளே விமானம் ஏற்றிவிட்டால் சாட்சியும் போயிற்று. உங்கள் வீட்டில் ஒளித்துவைப்பதும் வேண்டாம். பெர்மிட் பறிபோனவரைத் தங்கவைத்த சிக்கல் உங்கள் தலையில் விழும். அவளைத் துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம். "அடித்தார்தானே?" என்று பதிலையும் சேர்த்து ஊட்டினால், பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். நீங்கள் கண்டது, கேட்டது, தேதி, நேரம், வீட்டு எண் ஆகியவற்றை அன்றன்றே எழுதிவையுங்கள். அவளாகச் சொன்னதை அவள் வார்த்தையிலேயே குறியுங்கள்.

உடனடி ஆபத்து என்றால் 999. மற்றபடி வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000 நாள் முழுதும் இயங்குகிறது; போலிசுக்கு 1800-255-0000. உழைப்புச் சுரண்டலை மனிதவள அமைச்சும் விசாரிக்கும். குற்றம் நிரூபணமானால் முதல் முறை 10 ஆண்டுவரை சிறை, 100,000 வெள்ளிவரை அபராதம், 6 பிரம்படி வரை. மறுமுறை என்றால் 15 ஆண்டு, 150,000 வெள்ளி, 9 பிரம்படி வரை.

கேள்வி: மீட்கப்பட்ட பிறகு அந்தப் பெண்ணின் கதி? உடனே ஊருக்கா? – அதே வாசகி

பதில்: தற்காலிகத் தங்குமிடம், மனநல ஆலோசனை போன்ற உதவிகளைச் சமூகநலத் தலைமை இயக்குநர் வழங்க இச்சட்டம் வழிசெய்கிறது. ஆனால் அது பாதிக்கப்பட்டவரின் உரிமையாக எழுதப்படவில்லை; எவ்வளவு, எதுவரை என்பது தலைமை இயக்குநரின் முடிவு. இச்சட்டத்தில் எங்களுக்கு மனக்குறை என்றால் இதுதான். விசாரணைக்காக இங்கே தங்க வேண்டியவர்களைச் சிறப்பு அனுமதியில் இருக்கவிடுவார்கள். பெரியவர்கள் சிலருக்குத் தற்காலிக வேலைத் திட்டமும் உண்டு.

கேள்வி: 17 வயதுப் பையனைச் சித்தப்பா பெல்ட்டால் அடிக்கிறார். "பெரிய பையன், அது குடும்ப விஷயம்" என்கிறார்கள். – வாசகர், ஜூரோங்

பதில்: 2020-க்கு முன் இந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் இடம் இருந்தது, அப்போது சிறுவர், இளையர் சட்டத்தின் பாதுகாப்பு 16 வயதோடு நின்றது. இப்போது 18 வரை. கொடுமைப்படுத்துவோருக்கு 8 ஆண்டுவரை சிறை, 8,000 வெள்ளிவரை அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தில் தகவல் கொடுப்பவர்மீது அதற்காக வழக்குப் போட முடியாது. ஒன்று மட்டும்: பையனின் தழும்பைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடாதீர்கள். விசாரணையில் உள்ள பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதே தனிக் குற்றம். படம் விசாரணை அதிகாரியிடம் மட்டும் போகட்டும்.