கரையும் துணியும் அண்ணனின் இருமலும்

அன்புள்ள ஐயா,

சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் விசைத்தறி ஓட்டுகிறேன். என் அண்ணனுக்குப் போன மாதம் நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். வருஷக்கணக்கில் பீடி குடித்து நுரையீரல் நைந்துபோனவர். வெட்டிய இடத்தை நூலால் தைக்கவில்லை, ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறோம், அதோடு கரைந்துபோகும் பின்னல் துணி வைத்திருக்கிறோம் என்றார் டாக்டர். முப்பது வருஷமாகத் துணியோடு இருக்கிறேன், கரையும் துணியைக் கேள்விப்பட்டதில்லை. நெய்த துணி இருக்கும்போது பின்னல் துணி எதற்கு? அது கரைந்ததும் பின் விட்டுப்போகாதா? அண்ணன் இருமவே பயப்படுகிறார்.

இளம்பிள்ளை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். விட்டுப்போகாது. வெட்டிய இடத்தை மூடிப் பிடித்திருப்பவை டைட்டானியம் பின்கள். அவை கரைவதில்லை, உள்ளேயே இருந்துவிடும். துணி அவற்றுக்குத் துணையாகச் சில வாரங்கள் நிற்க வந்தது. அதற்குள் சதை தானே ஒட்டிக்கொள்ளும். இதை இன்றைக்கே அண்ணனிடம் சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம்.

சரி, துணிக்கு வருவோம். நான் அம்மாப்பேட்டையில் தறிக்குழிக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். அறுவை சிகிச்சை மருத்துவரான நண்பர் ஒருவர், காலாவதியான ஸ்டேப்ளர் ஒன்றை மேசைமேல் வைத்து எனக்குக் காட்டியிருக்கிறார். கைப்பிடி, நீளமான தண்டு, நுனியில் முதலை வாய் மாதிரி இரண்டு தாடைகள். தாடைக்குள் சதையைக் கவ்விக்கொண்டு அழுத்தினால் கத்தி நடுவே ஓடும். கத்திக்கு இந்தப் பக்கம் மூன்று வரிசை, அந்தப் பக்கம் மூன்று வரிசை பின் இறங்கி மடங்கும். வெட்டுவதும் மூடுவதும் ஒரே வேலையாக முடிகிறது. 1908-ல் புடாபெஸ்டில் ஹியூமர் ஹுல்ட்ல் என்ற மருத்துவர் பயன்படுத்திய முதல் கருவி 3.5 கிலோவுக்கு மேல் கனம். இன்றைக்கு அது ஒரு கையில் அடங்கிவிடுகிறது.

நல்ல சதையில் பின் மட்டுமே போதும். அண்ணனின் நுரையீரல் நைந்த சேலை மாதிரி. நைந்த சேலையில் ஊசி குத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இழுக்க இழுக்க ஓட்டை பெரிதாகும். நுரையீரலோ ஒரு நாளைக்குச் சுமார் 20,000 தடவை விரிந்து சுருங்குகிறது. பின் குத்திய ஓட்டை வழியாகக் காற்று கசியத் தொடங்கினால், நெஞ்சில் போட்ட குழாயை நாள்கணக்கில் எடுக்க முடியாது.

நம் வீட்டுப் பெண்கள் நைந்த இடத்துக்கு அடியில் ஒட்டுத்துணி வைத்துத் தைப்பார்களே, மருத்துவர்களும் அதைத்தான் செய்தார்கள். 1990-களில் அமெரிக்காவின் ஜோயல் கூப்பர், மாட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள சவ்வைப் பட்டையாக நறுக்கி, பின் வரிசையோடு சேர்த்து அடித்தார். பின்னின் இழுப்பு ஒரே புள்ளியில் விழாமல் பட்டை முழுக்கப் பரவியது. அதே வேலைக்குக் கரையும் பட்டைகள் பிறகு வந்தன. எல்லாமே பின்னல் அல்ல. கம்பளம் போல அழுத்தியவையும் உண்டு.

இனி, நெய்யாமல் ஏன் பின்னுகிறார்கள் என்ற உங்கள் முதல் கேள்வி. கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இந்தப் பட்டையின் நடுவே கத்தி ஓடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். நெய்த துணியைக் கரையில்லாமல் வெட்டினால் ஓரத்தில் இழை உருவி வரும், பிசிர் கிளம்பும். உடம்புக்குள் அது ஆகாது. திருப்பூர் பனியன் துணி நன்றாக வளைந்துகொடுக்கும், ஆனால் ஒரு கண்ணி அறுந்தால் வரிசையாக ஓடிவிடும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கரூர் கொசுவலையைக் கத்தரியால் வெட்டிப் பாருங்கள், எந்தப் பக்கம் வெட்டினாலும் பிரியாது. அதில் குறுக்கே ஓடும் ஊடையே கிடையாது. நீளவாக்கில் ஓடும் பாவு மட்டும்தான். ஒவ்வொரு பாவு இழையும் பக்கத்து இழையோடு வளையமாகக் கோத்து, இடமும் வலமுமாக வளைந்துகொண்டே போகும். பாவும் ஊடையும் சேர்ந்தால்தான் துணி என்று வளர்ந்த எனக்கு, இது புரிந்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. அப்படிப் பின்னிய பட்டையில் பின்னின் கால் இறங்கும்போது வளையம் விலகி வழிவிடும். சதை விரியும்போது துணியும் கூடவே கொடுக்கும். வளையங்களின் இடைவெளியில் புதுச் சதை வளர்ந்து நுழையும்.

நூல் பெரும்பாலும் பாலிகிளைகாலிக் அமிலம், அல்லது அதன் உறவான பாலிகிளாக்டின். கரையும் தையல் நூலாக 1970-களிலிருந்தே உடம்புக்குள் போய்வரும் பொருள்கள் இவை. நீர்தான் இவற்றைக் கரைக்கிறது. உடம்பின் ஈரம் நூலின் மூலக்கூறுச் சங்கிலிகளை அங்கங்கே அறுக்கும். முதலில் வலு போகும், பிறகு பொருளே போகும். இந்த நூல்களின் வலு ஒரு மாதத்தில் பெரும்பாலும் தீர்ந்து, இரண்டு மூன்று மாதத்தில் தடயம் இல்லாமல் போகும். ஈரம் பட்டாலே கரையத் தொடங்கும் என்பதால்தான் பட்டை ஈரம் புகாத உறையில் வருகிறது. நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கவும் முடியாது. மழைக்காலத்தில் தறிக்குழியில் பாவு நனைந்தால் நாம் தவித்தோமே, அதைவிடப் பெரிய தவிப்பு இந்த நூலுக்கு.

எல்லோருக்கும் இந்தப் பட்டை வைத்தாக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். விலை அதிகம். பட்டையின் கனத்தைக் கணக்கில் சேர்த்துப் பின்னின் உயரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரைப்பையைச் சுருக்கும் அறுவையில் ரத்தக்கசிவு குறைவதற்குச் சான்று உண்டு, ஆனால் பின் வரிசை விட்டு ஒழுகுவதைத் தடுக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. நைந்த நுரையீரலுக்கு உங்கள் டாக்டர் வைத்தது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன்.

அண்ணன் இருமட்டும். மிகப் பலவீனமான முதல் நாட்களை அவர் தாண்டிவிட்டார். இருமலை அடக்கினால் சளி தங்கி நிமோனியா வரலாம், அதுதான் ஆபத்து. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல், சளியில் ரத்தம் என்று ஏதாவது வந்தால் உடனே அதே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மற்றபடி ஒரு தலையணையை வெட்டுக்காயத்தின்மேல் அணைத்துக்கொண்டு, மூச்சை ஆழமாக இழுத்து இருமச் சொல்லுங்கள். முதல் இரண்டு தடவை நீங்களே தலையணையைப் பிடித்துக்கொண்டால் அவருக்குத் தைரியம் வரும்.