கேள்வி-பதில்: பெட்டியைப் பிரித்த டேப்லெட்டைக் கடை திரும்ப வாங்குமா?

கேள்வி: டேப்லெட் வாங்கி ஆறு நாள் ஆகிறது. திரையின் வலது ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. அங்கே தொட்டால் சில நேரம் வேலை செய்கிறது, பல நேரம் செய்வதில்லை. கடைக்குக் கொண்டுபோனேன். “பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், இனி நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது, கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். பெட்டியைப் பிரிக்காமல் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பதாம்?

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டதிலேயே உங்கள் பக்கத்து நியாயம் முழுதும் இருக்கிறது. பொருளைத் திருப்புவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பொருள் நன்றாகத்தான் இருக்கிறது, நமக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்று, பொருளிலேயே குறை. முதல் வகையில் பெட்டி, சீல், உறை எல்லாம் பார்ப்பது கடையின் உரிமை. இரண்டாவது வகையில் பெட்டிப் பேச்சுக்கே இடமில்லை. பல கடைகள் முதல் வகைக்கான விதியை எடுத்து இரண்டாவது வகையின் தலையில் வைக்கின்றன. நாமும் ‘சரி, பிரித்தது நம் தப்புதானே’ என்று திரும்பி வந்துவிடுகிறோம். தப்பே இல்லை.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பி முழுப் பணத்தையும் கேட்கலாம். இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. சிங்கப்பூரில் 2012 முதல், வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று காட்டவேண்டியது விற்றவர். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இந்தக் காலம் குறைந்தது ஓர் ஆண்டு. பெட்டியைப் பிரித்தவருக்குக் குறை சொல்லும் உரிமை போய்விடும் என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் இருக்கும் நாட்டில் கெடு எத்தனை நாள், முதலில் பணமா, மாற்றுப் பொருளா, பழுதுபார்ப்பா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இடத்துக்கு இடம் மாறும்.

மறுபடி கடைக்குப் போகும் முன் வீட்டில் அரை மணி நேரம் செலவழியுங்கள். திரைக்கு மேல் ஒட்டிய கண்ணாடியையும் பின்புறக் கவரையும் கழற்றுங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். மட்டமான சார்ஜரிலிருந்து வரும் மின்னிரைச்சல் தொடுதிரையைக் குழப்பும். சார்ஜ் ஏறும்போது மட்டும் தடுமாறினால் குற்றம் திரையில் இல்லாமலும் இருக்கலாம். நிலுவையில் அப்டேட் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் பட்டை அங்கேயே இருக்கிறதா? ஆண்ட்ராய்டு கருவி என்றால் டெவலப்பர் அமைப்புகளுக்குள் விரல் போகும் தடத்தைக் கோடாகக் காட்டும் வசதி இருக்கிறது. அதை இயக்கி, இடமிருந்து வலமாகப் பத்துப் பதினைந்து கோடுகள் மெதுவாக இழுங்கள். பழுதான இடத்தில் எல்லாக் கோடும் ஒரே இடத்தில் அறுந்து நிற்கும். ஐபேடில் ஒரு செயலியின் ஐகானை அழுத்திப் பிடித்துத் திரை முழுக்க இழுத்துப் பாருங்கள். செத்த இடத்துக்கு வந்ததும் கையைவிட்டு நழுவிவிடும். இதை வேறொரு போனில் வீடியோ எடுங்கள். அமைப்புகள் பக்கத்தில் தெரியும் சீரியல் நம்பரும், பெட்டியில் அச்சிட்ட நம்பரும் அதே வீடியோவில் ஒருமுறை வந்துவிட வேண்டும். “சில நேரம் வேலை செய்யும்” வகைப் பழுதுக்கு இது மிக முக்கியம். கடை மேசையில் வைத்த அந்த இரண்டு நிமிடமும் அது ஒழுங்காக வேலை செய்துவிடும்.

கடையில் ‘ரிட்டர்ன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். “இதில் குறை இருக்கிறது, இதோ வீடியோ, வாங்கி ஆறு நாள்தான் ஆகிறது, மாற்றிக் கொடுங்கள் அல்லது பணத்தைக் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். விற்பனையாளர் மறுத்தால் மேலாளரைக் கேளுங்கள். அவரும் மறுத்தால் மறுப்பை எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள். அதனால் அங்கே நின்றபடியே கடையின் மின்னஞ்சலுக்கு நான்கு வரி அனுப்பிவிடுங்கள்: வாங்கிய தேதி, பில் எண், குறை, இன்று வந்து கேட்டது, கிடைத்த பதில். கெடுவுக்குள் நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

சர்வீஸ் சென்டர் விஷயத்தில் கவனம். சில கம்பெனிகள், வாங்கியபோதே பழுது என்று சர்வீஸ் சென்டர் தரும் சான்று இருந்தால்தான் கடை மாற்றித் தரலாம் என்று வைத்திருக்கின்றன. அதற்காக மட்டும் போகிறீர்கள் என்றால் போங்கள். ஜாப் ஷீட்டில் ‘சோதனைக்கும் சான்றுக்கும் மட்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள். ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால் திரையை மாற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆறே நாளான உங்கள் டேப்லெட் பழுதுபார்த்த டேப்லெட் ஆகிவிடும், திருப்பும் பேச்சும் அத்தோடு முடிந்துவிடும்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். நான் வாங்கிய ஒரு டேப்லெட்டில் நான்காம் நாள் ஸ்பீக்கர் கரகரத்தது. “புதுசு, ஒரு வாரம் ஓடினால் சரியாகும்” என்றார் கடைக்காரர். நம்பினேன். பதினோராம் நாள் போனபோது, பத்து நாள் கெடு முடிந்துவிட்டது என்றார் அதே மனிதர். பிறகு வாரண்டியில் கொடுத்து மூன்று வாரம் காத்திருந்தேன். ஸ்பீக்கர் ஓட ஓடச் சரியாகாது. திரையும் ஆகாது. யார் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் கெடு நாளைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: மகள் படம் வரைவதற்காக டேப்லெட் வாங்கினோம். பேனா தனியாக வாங்கினால் போதும் என்றார்கள். வாங்கிய பிறகுதான் தெரிகிறது, இந்த மாடலில் அழுத்தத்தை உணரும் பேனா வேலையே செய்யாது. டேப்லெட்டில் பழுது எதுவும் இல்லை. திருப்ப முடியுமா?

பதில்: பழுது இல்லை என்பதற்காக இதை ‘மனம் மாறியது’ கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். எதற்காக வாங்குகிறோம் என்று நீங்கள் சொல்லி, ஆகும் என்று அவர் சொல்லி, அதை நம்பி வாங்கியிருக்கிறீர்கள். சொன்னதற்குப் பொருந்தாத பொருளும் குறையுள்ள பொருளைப் போலத்தான். சிக்கல் என்னவென்றால், வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. கடையோடு பேசிய வாட்ஸ்அப் செய்தி, விளம்பரப் பக்கம், பில்லிலேயே சேர்ந்து வந்த பேனா என ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பேனாவும் அதே பில்லில் இருந்தால் உங்கள் கை வலுவானது. இரண்டையும் சேர்த்து விற்றவர், இரண்டும் சேராது என்று பிறகு சொல்ல முடியாது.

எதுவுமே இல்லை என்றால் கடையின் சொந்த ரிட்டர்ன் விதிதான். நேரில் போய்ப் பார்த்து வாங்கிய நல்ல பொருளைப் பிடிக்கவில்லை என்று திருப்ப, பெரும்பாலான நாடுகளில் சட்டம் உரிமை தருவதில்லை. கடை விரும்பித் தருவதுதான் அது. இணையத்தில் வாங்கியவர்களுக்கு நிலைமை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொலைவிலிருந்து வாங்கிய பொருளைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். பார்த்துச் சோதிக்கத் தேவையான அளவுக்கு மேல் பயன்படுத்தி மதிப்பைக் குறைத்திருந்தால் அந்த அளவுக்குப் பிடித்துக்கொள்வார்கள். எங்கே இருந்தாலும், பொருந்தவில்லை என்று தெரிந்த அன்றே டேப்லெட்டை மூடிப் பெட்டியில் வையுங்கள். “கொடுக்கும் வரை பாட்டுக் கேட்கட்டுமே” என்று விடாதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் பேச்சே மாறிவிடும். பெட்டி பிரித்ததற்காக விலையில் ஒரு பங்கைப் பிடிப்பேன் என்று கடை சொன்னால், அந்த விதி வாங்கும்போதே பில்லிலோ கடையிலோ எழுதியிருந்ததா என்று கேளுங்கள்.

கேள்வி: 64 ஜிபி என்று போட்டிருக்கிறது. உள்ளே 45 கூட இல்லை. ஏமாற்று வேலைதானே? திருப்பலாமா?

பதில்: பழுது என்று சொல்லித் திருப்ப முடியாது. பெட்டியில் 64 ஜிபி என்றால் 6,400 கோடி பைட். 1,024-இன் மடங்கில் எண்ணும் கருவியில் அதே அளவு 59.6 என்றுதான் தெரியும். மீதியை இயங்குதளமும் கூடவே வந்த செயலிகளும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. எடுத்தது போக எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பெட்டியின் முகப்பிலேயே போடவேண்டும் என்பது என் கருத்து. இப்போதைக்கு நாம்தான் கடை மாடலில் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: திரை முழு எச்டி. ஆனால் படம் பார்க்கும் செயலிகளில் மட்டும் காட்சி மங்கலாக இருக்கிறது. நானே எடுத்த வீடியோ தெளிவாகத் தெரிகிறது. திரைப் பழுதா?

பதில்: திரை நன்றாகவே இருக்கிறது. மங்கலுக்குக் காரணம், படங்களைத் திருட்டுத்தனமாக நகலெடுக்காமல் காக்கும் வைட்வைன் என்ற பூட்டு. ஆண்ட்ராய்டு கருவிகளில் அதற்கு எல்1, எல்3 என்ற நிலைகள் உண்டு. எல்1 சான்று இல்லாத டேப்லெட்டுக்குப் பெரிய திரைப்பட செயலிகள் பெரும்பாலும் 480 வரித் தரத்துக்கு மேல் படம் அனுப்புவதில்லை. டிஆர்எம் இன்ஃபோ என்ற இலவசச் செயலியைப் போட்டுப் பார்த்தால் உங்களுடையது எந்த நிலை என்று தெரிந்துவிடும். எல்3 என்று வந்து, விளம்பரத்தில் ‘எச்டியில் படம் பார்க்கலாம்’ என்று அந்தச் செயலிகளின் பெயரோடு போட்டிருந்தால், சொன்னதற்குப் பொருந்தவில்லை என்று திருப்பிக் கேளுங்கள். அப்படிப் போடவில்லை என்றால் கடையின் சாதாரண ரிட்டர்ன் வழியிலேயே போவது நல்லது. விவாதம் செய்து ஜெயிப்பது கடினம்.

கேள்வி: திரை நடுவில் ஒரே ஒரு புள்ளி எப்போதும் பச்சையாக எரிகிறது. ஒரு புள்ளிக்கெல்லாம் மாற்ற மாட்டோம் என்கிறது கம்பெனி.

பதில்: கம்பெனி வாரண்டியை நம்பி இதற்குப் போராடுவது வீண். புள்ளிக் குறைகளைத் தரம் பிரித்த ஐஎஸ்ஓ 13406-2 என்ற 2001-ஆம் ஆண்டுத் தரநிலையின் இரண்டாம் வகுப்பே, பத்து லட்சம் புள்ளிக்கு எப்போதும் எரியும் புள்ளி இரண்டு வரை இருக்கலாம் என்றது. 1920க்கு 1200 திரையில் 23 லட்சம் புள்ளி. நான்கு வரை பொறுத்துக்கொள் என்று அர்த்தம். 2008-இல் வேறு தரநிலை வந்துவிட்டாலும், ஒன்றிரண்டு புள்ளியைப் பழுதாக எண்ணாத வழக்கம் பல கம்பெனிகளில் தொடர்கிறது. ஆகவே வாரண்டியை விட்டுவிட்டு, கடைக்கு ரிட்டர்ன் விதி இருந்தால் கெடுவுக்குள் சாதாரணமாகத் திருப்பிவிட்டு வேறு ஒன்று வாங்குங்கள். இந்த ஒரு விஷயத்தில் ‘பிடிக்கவில்லை’ என்ற வாசல்தான் அகலமானது.

கேள்வி: டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்து நான்கு நாள் ஆகிறது. “உங்கள் கணக்கில் பூட்டியிருக்கிறது, திறக்காமல் பணம் வராது, பாஸ்வேர்டைச் சொல்லுங்கள்” என்று கடையிலிருந்து போன் வருகிறது.

பதில்: பாஸ்வேர்டைச் சொல்லாதீர்கள். ஆனால் கடை சொல்வது பொய்யில்லை. 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதல் ஆப்பிள் கருவிகளிலும், 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல் மற்றவற்றிலும் திருட்டைத் தடுக்க இந்தப் பூட்டு இருக்கிறது. உங்கள் கணக்கு உள்ளே இருக்கும்வரை அந்தக் கருவி வேறு யாருக்கும் பயன்படாது.

ஐபேட் என்றால் வீட்டிலிருந்தே முடிக்கலாம். ஐகிளவுட் தளத்தில் நுழைந்து, அந்தக் கருவியை அழித்து, பிறகு கணக்கிலிருந்தும் நீக்குங்கள். அழிப்பதோடு நின்றுவிட்டால் பூட்டு அப்படியே இருக்கும். ஆண்ட்ராய்டு என்றால் கடைக்கே போய், உங்கள் கையால் கணக்கைப் போட்டுத் திறந்து, கணக்கை நீக்கி, ரீசெட் செய்துவிட்டு வருவதுதான் சரி.

இனி திருப்பப் போகிறவர்கள் இந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேண்டியவற்றை வேறிடத்துக்கு எடுத்து வைத்து, சிம்மையும் மெமரி கார்டையும் உருவுங்கள். அடுத்து எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறுங்கள். கடைசியாக, அமைப்புகள் பக்கத்துக்குள் போய் ஃபேக்டரி ரீசெட். பவர் பட்டனையும் ஒலி பட்டனையும் சேர்த்து அழுத்திச் செய்யும் ரீசெட்டில் கோப்புகள் போய்விடும், பூட்டு போகாது. கடைக்குப் போய்ச் சேரும் பூட்டிய டேப்லெட்டுகளுக்கு இந்தக் குறுக்குவழியும் ஒரு காரணம். முடித்ததும் வரவேற்புத் திரையை ஒரு படம் எடுத்து வையுங்கள். படங்கள் மீண்டும் யார் கைக்காவது போகுமோ என்ற பயம் வேண்டாம். இன்றைய டேப்லெட்டுகளில் எல்லாமே குறியாக்கம் செய்து வைக்கப்பட்டிருக்கிறது. ரீசெட் அதன் சாவியையே அழித்துவிடுகிறது.

கேள்வி: இணையத்தில் வாங்கி இரண்டு வாரம். பின்பக்கம் லேசாக உப்பி, திரை ஒரு ஓரம் தூக்கியிருக்கிறது. கூரியரில் அனுப்பச் சொல்கிறார்கள்.

பதில்: அனுப்பாதீர்கள். இது பேட்டரி உப்பல். உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், தீப்பற்றும் பொருள்கள் இல்லாத இடத்தில் வையுங்கள். பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றவே தடை இருக்கிறது. சாதாரணக் கூரியரில் சொல்லாமல் போடுவது அதைத் தூக்கிச் சுமக்கும் ஆளுக்கே ஆபத்து. புகைப்படத்தோடு ‘பேட்டரி உப்பியிருக்கிறது, பாதுகாப்பாக எடுத்துச்செல்ல ஏற்பாடு செய்யுங்கள்’ என்று விற்றவருக்கும் கம்பெனிக்கும் எழுதுங்கள். எழுதிய தேதியே நீங்கள் திருப்பிய தேதிக்குச் சமம் என்று அதிலேயே குறிப்பிடுங்கள். பழுதுபார்த்துத் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாமல் பணத்தைக் கேளுங்கள்.

கேள்வி: தவணையில் வாங்கினேன், பழைய டேப்லெட்டைக் கொடுத்துத் தள்ளுபடியும் பெற்றேன், கவர் இலவசம். இப்போது திருப்பினால் எது எது திரும்பும்?

பதில்: கவரைச் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் விலையைப் பிடிப்பார்கள். பழைய டேப்லெட் பெரும்பாலும் கைமாறிப் போயிருக்கும். அதற்கு ஈடாகக் கழித்த தொகை ரீஃபண்டில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். தவணைதான் பலரும் தவறும் இடம். கடன் கொடுத்தது கடையில்லை, நிதி நிறுவனம். பொருளைக் கடையில் ஒப்படைத்ததாலேயே கடன் ரத்தாகிவிடாது. கடை அவர்களுக்குத் தகவல் அனுப்பி, அவர்கள் கணக்கை மூடி உங்களுக்குக் கடிதம் தரும்வரை அடுத்த தவணைத் தேதி வந்தால் கட்டிவிடுங்கள். கூடுதலாகக் கட்டியதைக் கடையின் ரிட்டர்ன் ரசீதைக் காட்டித் திரும்பக் கேட்கலாம். தவறிய தவணை உங்கள் கடன் வரலாற்றில் ஏறிவிட்டால் அதை நீக்கப் பல மாதம் அலைய வேண்டியிருக்கும்.