எட்டாம் வகுப்பில் எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசும் மாணவனை எப்படிச் சமாளிப்பது?

"நோட்டை எடு" என்றால் "நான் மட்டுமா எடுக்கல?" என்று கேட்கிறான், தினமும் இதே ரகளை என்கிறீர்கள். அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்து "அவனைக் கேளுங்க சார்" வரும். வகுப்பே வேடிக்கை பார்க்கும், பாடம் அம்போ.

ஆஸ்திரேலியக் கல்வியாளர் பில் ராஜர்ஸ் இதை இரண்டாகப் பிரிப்பார். நோட்டை எடுக்காதது முதல் நடத்தை. அதைத் தொடர்ந்து வரும் முணுமுணுப்பு, உச்சுக்கொட்டல், முறைப்பு எல்லாம் இரண்டாவது. நாம் இரண்டாவதைத் துரத்திக்கொண்டு போய் முதலாவதைக் கோட்டை விடுகிறோம்.

"இருக்கலாம்ப்பா. நீ இப்ப நோட்டை எடு, மூணாவது கணக்கைப் போடு." குரலை உயர்த்தாமல் இதைச் சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துவிடுங்கள். இந்த நகர்தல்தான் முக்கியம். தலைக்கு மேலேயே நின்றால், கூட்டாளிகள் முன்னால் இறங்கிவர அவனுக்கு வழியில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எடுப்பான், எடுக்கட்டும். "இடம் கொடுத்துட்டீங்க" என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அப்படியும் அசையவில்லையா? "இப்ப முடிக்கிறியா, மதியம் சாப்பிட்டுட்டு வந்து முடிக்கிறியா?" என்று கேளுங்கள். மதியம் என்றால் மறக்காமல் கூப்பிடுங்கள். மிச்சப் பேச்சை மணி அடித்த பிறகு வராந்தாவில் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

முட்டி போட வைப்பது, எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுவது வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

கெட்ட வார்த்தை, அடிதடி என்று போனால் கதை வேறு. அதைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோங்கள்.