துப்பாக்கியும் பஞ்சாலையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு வென்றதற்கு அதன் தொழிற்சாலைகளே காரணம் என்று எழுதியிருந்தீர்கள். அத்தனை தொழிற்சாலைகளை வைத்துக்கொண்டு, முதலிரண்டு ஆண்டுகளில் இங்கிலாந்திலும் ஆஸ்திரியாவிலும் லட்சக்கணக்கில் துப்பாக்கி வாங்கியது ஏன்?

க. செ.

அன்புள்ள க. செ.,

வடக்கில் ஆலைகள் ஏராளம்; ஆனால் ராணுவத் துப்பாக்கி செய்யப் பழகியவை மிகச் சில. அரசின் இரு பெரிய ஆயுதச்சாலைகளில் ஒன்றான ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்கு 1861 ஏப்ரலில் பின்வாங்கிய வடபடையினரே தீ வைத்தனர். தப்பிய இயந்திரங்களைத் தெற்கத்தியர் கழற்றிக்கொண்டு போயினர். மிஞ்சிய ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலை 1860இல் செய்த துப்பாக்கிகள் 10,000க்கும் குறைவு.

ஆகவே, துப்பாக்கி ஒன்றுக்கு 20 டாலர் வீதம் தனியாருக்கு ஒப்பந்தங்கள் வாரி வழங்கப்பட்டன. பட்டறையே இல்லாத தரகர்களும் அவற்றைப் பெற்றார்கள் (போர்க்காலம் என்றால் இவர்கள் எங்கிருந்தோ முளைத்துவிடுகிறார்கள்). 1862இல் இவற்றை ஆராய ஹோல்ட், ஓவன் இருவரையும் கொண்டு அரசு அமைத்த குழு பல ஒப்பந்தங்களை வெட்டிக் குறைத்தது. உண்மையாகவே வேலையில் இறங்கியவர்களில், தெற்கின் பருத்தி வராததால் தொழில் முடங்கிய ஜவுளித் துறையினரும் உண்டு: நியூ ஹாம்ப்ஷயரின் அமோஸ்கேக் ஆலை, ஃபிலடெல்ஃபியாவில் ஜவுளி இயந்திரம் செய்துவந்த ஜென்க்ஸ் நிறுவனம் போன்றவை.

இரும்பைக் கடைவதும் அறுப்பதும் இவர்களுக்குக் கைவந்த கலை. ஆனால் ஒரு துப்பாக்கியின் பாகம் அதே மாதிரியிலான இன்னொன்றில் அப்படியே பொருந்த வேண்டும் என்றது அரசு. அரசுப் பரிசோதகர் ஒவ்வொரு பாகத்தையும் கேஜில் (அளவு சரிபார்க்கும் கருவியில்) வைத்துப் பார்த்து, பிசகியதைக் கழித்துவிடுவார். எனவே துப்பாக்கிக்கு முன் அதைச் செய்யும் இயந்திரங்களையும் கேஜ்களையும் செய்தாக வேண்டியிருந்தது. காலம் கரைந்தது அதில்தான்.

துப்பாக்கி ஒப்பந்தம் பெற்ற பிராவிடன்ஸ் டூல் கம்பெனியையே பாருங்கள். மருந்தைப் பற்றவைக்கும் வெடி கேப்பைப் பொருத்தும் குமிழில் நுண்துளை போட ட்ரில் பிட் வேண்டும். அந்த பிட்டின் முறுக்குப் பள்ளங்களைத் தொழிலாளர்கள் அரத்தால் கையாலேயே ராவிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் ஃபிரெடரிக் ஹோவ் இதை இயந்திரத் தயாரிப்பாளர் ஜோசப் பிரவுனிடம் முறையிட, பிரவுன் வடிவமைத்த யுனிவர்சல் மில்லிங் மெஷின் (இத்தகைய முறுக்குப் பள்ளங்களையும் வெட்டும் இயந்திரம்) 1862இல் அங்கு வந்து சேர்ந்தது. போர் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருந்தது.

அந்த இடைவெளியை நிரப்பியவையே நீங்கள் குறிப்பிடும் இறக்குமதிகள். வந்த என்ஃபீல்டு எனும் ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை பர்மிங்காம், லண்டன் பட்டறைகளில் கையால் ராவிப் பொருத்தியவை. ஒன்றின் பாகம் மற்றொன்றில் உட்காராது. ஆனாலும் அவற்றின் குழலின் உள்விட்டம் .577 அங்குலம், ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியினுடையது .58 என்பதால், ஒரே தோட்டாவை இரண்டிலும் இட்டுச் சுட முடிந்தது. 1864இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலை மட்டுமே 2,70,000க்கும் மேல் செய்தது. அதற்கு முன்பே ஐரோப்பியக் கொள்முதல் ஏறக்குறைய நின்றுவிட்டிருந்தது.