ஜெர்மனி: அதிகாரம் வந்தது, வரி வரவில்லை

கேள்வி: ஜெர்மனியில் எந்த நல்ல திட்டம் வந்தாலும் 16 மாநிலங்களும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. 2006-இல் கூட்டாட்சிச் சீர்திருத்தம் என்றார்கள், 2009-இல் இரண்டாவது என்றார்கள், எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. பேசாமல் மாநிலங்களைக் கலைத்துவிட்டு பெர்லினிலிருந்தே நேரடியாக ஆண்டால் நாடு வேகமாகப் போகாதா?

பதில்: கலைக்க முடியாது நண்பரே, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1949-இல் வந்த அடிப்படைச் சட்டத்தின், அதாவது ஜெர்மனியின் அரசியல் சட்டத்தின், 79-ஆம் பிரிவில் ஒரு உட்பிரிவு இருக்கிறது. நாடு மாநிலங்களாகப் பிரிந்திருப்பதையும், சட்டம் இயற்றுவதில் மாநிலங்களுக்குப் பங்கு இருப்பதையும் எத்தனை பெரிய பெரும்பான்மை வந்தாலும் நீக்க முடியாது என்கிறது அது. இரண்டு மாநிலங்கள் விரும்பினால் இணையலாம், எல்லை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாநிலமே இல்லாத ஜெர்மனி என்பது அந்தச் சட்டத்துக்குள் சாத்தியமில்லை. ஏன் இப்படி ஒரு பூட்டு? ஹிட்லர் பதவிக்கு வந்து ஓராண்டு முடிந்ததும், 1934 ஜனவரியில், மாநிலச் சட்டமன்றங்கள் கலைக்கப்பட்டன, அடுத்த மாதமே மாநிலங்களின் அவையாக இருந்த ரைக்ஸ்ராட்டும் ஒழிக்கப்பட்டது. பெர்லினிலிருந்தே நேரடியாக ஆள்வது எப்படி இருக்கும் என்று அந்த மக்கள் பார்த்துவிட்டார்கள். நீங்கள் கேட்கும் வேகம் அவர்களுக்குக் கிடைத்தது, அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் உலகத்துக்குத் தெரியும்.

சரி, உங்கள் எரிச்சலில் உண்மை இல்லையா? இருக்கிறது. ஆனால் நோய் நீங்கள் காட்டும் இடத்தில் இல்லை. மாநிலங்களுக்கு அதிகாரம் கூடிப்போனதால் நாடு தேங்கவில்லை, எது யாருடைய வேலை என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாதபடி எல்லாவற்றையும் பின்னிவைத்ததால் தேங்கியது.

அந்தப் பின்னல் எப்படி வந்தது என்று பாருங்கள். ஜெர்மனியில் பெரும்பாலான சட்டங்களை மத்திய நாடாளுமன்றமான புண்டஸ்டாக் போடுகிறது, ஆனால் அவற்றை நடைமுறைப்படுத்துவது மாநில அரசு அதிகாரிகள். அதனால், எங்கள் அலுவலகம் எப்படி நடக்க வேண்டும் என்று நீங்கள் சட்டத்தில் எழுதினால் எங்கள் சம்மதமும் வேண்டும் என்று மாநிலங்கள் கேட்டன, அது நியாயமும்கூட. அந்தச் சம்மதம் தரும் இடம் புண்டஸ்ராட். அங்கே உட்காருவது தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் அல்ல, மாநில முதல்வர்களும் அமைச்சர்களும்தான். மொத்தம் 69 வாக்குகள். 1.8 கோடி மக்கள் வாழும் வடக்கு ரைன் வெஸ்ட்ஃபாலியாவுக்கு 6, சுமார் ஏழு லட்சம் பேரே உள்ள பிரேமனுக்கு 3, ஒரு மாநிலத்தின் வாக்குகள் எல்லாம் ஒரே பக்கமாகத்தான் விழவேண்டும். மத்தியச் சட்டங்களில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ இந்த அவையின் சம்மதத்துக்குக் காத்திருக்கும் நிலை பல ஆண்டுகள் நீடித்தது. 1969-இல் நிதிச் சீர்திருத்தம் என்று வருமான வரி, மதிப்புக் கூட்டு வரி எல்லாவற்றையும் பொதுவாக்கி, பல்கலைக்கழகக் கட்டிடம் முதல் விவசாயக் கட்டமைப்பு வரை மத்தியும் மாநிலங்களும் சேர்ந்து செய்யும் கூட்டுப் பணிகள் என்று அறிவித்தபோது, முடிச்சு இன்னும் இறுகியது.

இதை எதிர்க்கட்சி பயன்படுத்தாமல் இருக்குமா? 1997-இல் மத்திய அரசின் தலைவரான சான்சலர் ஹெல்மூட் கோலின் வரிச் சீர்திருத்தம் புண்டஸ்ராட்டில் விழுந்தது, விழவைத்தவர் சார்லாந்து முதல்வராகவும் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவராகவும் இருந்த லாஃபோன்டேன். கட்சிச் சண்டைக்கு மாநிலக் கொடியைப் போர்த்திக்கொண்டார்கள் என்பதே என் கருத்து. கோல் தோற்று சமூக ஜனநாயகக் கட்சியின் ஷ்ரோடர் சான்சலராக வந்த பிறகு எதிர்ப்பக்கம் இருந்தவர்களும் அதையேதான் செய்தார்கள். 2002 மார்ச் 22 அன்று குடியேற்றச் சட்டத்துக்கு வாக்கெடுப்பு. பிராண்டன்பர்க்கின் 4 வாக்குகள் கிடைத்தால்தான் தேவையான 35 வரும். அந்த மாநிலத்தில் இரண்டு பெரிய கட்சிகளின் கூட்டணி ஆட்சி. ஓர் அமைச்சர் ஆம் என்றார், இன்னொருவர் இல்லை என்றார், அவைத் தலைவராக இருந்த வோவெரைட் முதல்வர் ஷ்டோல்பேயைக் கேட்டு, அவர் ஆம் என்றதும் ஆம் என்றே பதிவு செய்தார், அவையில் பெரும் கூச்சல். அதே ஆண்டு டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம், பிளவுபட்ட வாக்கு செல்லாது என்று அந்தச் சட்டத்தையே தள்ளியது.

இதற்குப் பிறகுதான் 2003-இல், எது யாருடைய வேலை என்று பிரித்துச் சொல்ல, சமூக ஜனநாயகக் கட்சியின் முன்டஃபெரிங்கும் பவேரியா முதல்வர் ஷ்டாய்பரும் இணைத்தலைவர்களாக ஒரு குழு அமைத்தார்கள். ஓராண்டு பேசி, 2004 டிசம்பரில் கல்வி யாருடையது என்ற கேள்வியில் உடைந்தது. அடுத்த ஆண்டு மெர்க்கல் தலைமையில் இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து ஆட்சி அமைத்ததால்தான் அதே பேரம் மறுபடி எழுந்து, நீங்கள் சொல்லும் முதல் சீர்திருத்தமாக 2006 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

ஒன்றும் மாறவில்லை என்கிறீர்களே, அது சரியில்லை. மாநிலங்கள் தடுக்கும் உரிமையில் ஒரு பெரிய பகுதியை விட்டுக்கொடுத்தன, சம்மதம் தேவைப்படும் சட்டங்கள் சுமார் 40 சதவீதத்துக்கு இறங்கின. பதிலுக்கு சிறைத்துறை, கூட்டம் கூடுவதற்கான சட்டம், கடை மூடும் நேரம், உணவகச் சட்டம், தங்கள் ஊழியர்களின் சம்பளம் எல்லாம் அவர்கள் கைக்கு வந்தன. இயற்கைப் பாதுகாப்பு, நீர் மேலாண்மை போன்றவற்றில் மத்தியச் சட்டத்திலிருந்து விலகித் தனிச் சட்டம் போடவும் உரிமை கிடைத்தது. நான் இதைப் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

ஆனால் பணத்தை யாரும் தொடவில்லை. குற்றம் அங்கேதான்.

ஒரு ஜெர்மன் மாநிலம் தானாக விகிதம் நிர்ணயிக்கக்கூடிய பெரிய வரி எது தெரியுமா? நிலமோ வீடோ வாங்கும்போது கட்டும் வரி, அது ஒன்றுதான் சொல்லும்படியாக இருக்கிறது, அந்த உரிமையும் 2006-இல் வந்ததே. பவேரியா பழைய 3.5 சதவீதத்திலேயே நிற்கிறது, வடக்கு ரைன் வெஸ்ட்ஃபாலியா 6.5 வரை ஏற்றிவிட்டது. வேறு வழி இல்லாதவர்கள் இருக்கும் ஒரே குழாயைத்தானே திறப்பார்கள், வீடு வாங்கும் இளம் குடும்பத்தின் தலையில் அது விழுகிறது. வாரிசு வரி முழுக்க மாநிலங்களுக்கே போகிறது, பீர் வரியும் அப்படித்தான், ஆனால் விகிதத்தை முடிவு செய்வது மத்தியச் சட்டம். வருமான வரியில் மத்திக்கு 42.5, மாநிலங்களுக்கு 42.5, மீதி 15 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு. பங்கு உண்டு, ஆனால் எந்த ஒரு மாநிலமும் தன் மக்களுக்காகத் தானாக விகிதத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

இந்த நிலையில் பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு பணம் தரக்கூடாது என்று 2006-இல் கதவை வேறு சாத்தினார்கள். மூன்றே வருடத்தில் பொருளாதார நெருக்கடி வந்தது. பழுதான பள்ளிகளுக்கு மத்தியப் பணம் வேண்டும், ஆனால் கல்விக்கு என்று சொல்லிக் கொடுக்க முடியாது, எரிசக்தி மிச்சம் என்ற பெயரில் கட்டிடப் பழுதுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் அந்தக் கதவை ஒவ்வொரு அங்குலமாகத் திறந்தார்கள். 2015 முதல் பல்கலைக்கழகங்களுக்கு, 2017-இல் ஏழை ஊராட்சிகளின் பள்ளிகளுக்கு, 2019-இல் பள்ளிகளை டிஜிட்டல் மயமாக்க 500 கோடி யூரோ. அந்த 500 கோடிக்கான திருத்தத்தையும் 2018 டிசம்பரில் புண்டஸ்ராட் அப்படியே ஏற்க மறுத்து, இரு அவைகளும் சேர்ந்த சமரசக் குழுவுக்கு அனுப்பியது. பாடென் வூர்ட்டம்பெர்க் முதல்வர் க்ரெட்ஷ்மன், பணத்தோடு மத்தியின் கட்டுப்பாடும் பள்ளிக்குள் வரும் என்று கடுமையாக எதிர்த்தார். அவர் சொன்னதில் தவறு காண முடியவில்லை என்னால். ஆனால் வகுப்பறையில் இணையம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது பதில் ஆகுமா?

2009-இல் வந்த இரண்டாம் சீர்திருத்தம் இதைச் சரிசெய்திருக்க வேண்டும். சமூக ஜனநாயகக் கட்சியின் ஷ்ட்ருக்கும் அப்போதைய பாடென் வூர்ட்டம்பெர்க் முதல்வர் ஓட்டிங்கரும் நடத்திய குழு செய்தது என்ன? கடனுக்குக் கடிவாளம். மத்திய அரசு மொத்த உற்பத்தியில் 0.35 சதவீதம் வரை வாங்கலாம், மாநிலங்கள் 2020 முதல் ஒரு யூரோகூட வாங்கக்கூடாது, நெருக்கடிக் காலம் மட்டும் விலக்கு. வரியும் கையில் இல்லை, கடனும் வாங்க முடியாது என்றால் அந்தச் சட்டமன்றம் எதை முடிவு செய்யும்? ஷ்லெஸ்விக் ஹோல்ஷ்டைன் சட்டமன்றம் நீதிமன்றம் போனது. இப்படி வழக்குப் போடும் உரிமை மாநில அரசுக்குத்தான், சட்டமன்றத்துக்கு இல்லை என்று 2011-இல் தள்ளிவிட்டார்கள். தங்கள் பட்ஜெட் உரிமை பறிபோகிறது என்று சொன்னவர்களின் வாதம் விசாரிக்கப்படவே இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

விளைவு 2017-இல் தெரிந்தது. மாநிலங்களுக்கு இடையிலான நிதிப் பகிர்வை மாற்றும்போது, ஆண்டுக்கு 900 கோடி யூரோவுக்கு மேல் மத்தியிடமிருந்து கேட்டு வாங்கினார்கள், பதிலுக்கு ஆட்டோபான் என்னும் அதிவேக நெடுஞ்சாலைகளின் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள், 2021 முதல் அது மத்திய அரசு நிறுவனத்திடம் இருக்கிறது. கையில் இருக்கும் அதிகாரத்தை இப்படித் துண்டு துண்டாக விற்றுச் சாப்பிடுகிறார்கள். அப்படியும் பணக்கார மாநிலத்துக்குத் திருப்தி இல்லை, அந்தப் பகிர்வை எதிர்த்து பவேரியா 2023-இல் வழக்குத் தொடுத்தது. அதே பவேரியா போருக்குப் பிந்தைய பல பத்தாண்டுகள் மற்றவர்களிடம் வாங்கிய மாநிலம், அதை மறக்கக்கூடாது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், வருமான வரியில் தங்கள் பங்கின் மீது ஒரு வரம்புக்குள் கூட்டவும் குறைக்கவும் மாநிலங்களுக்கு உரிமை கொடுக்க வேண்டும் என்பேன். பவேரியா வரியைக் குறைத்து எங்கள் தொழில்களை இழுத்துக்கொள்ளும் என்று பிரேமனும் சாக்சனி அன்ஹால்ட்டும் பயப்படுவது நியாயம், அதற்குத்தான் வரம்பு, அதற்குத்தான் பகிர்வு நிதி. அது வந்தால், கல்விக்குக் காசில்லை என்று ஒரு முதல்வர் பெர்லினைக் கைகாட்ட முடியாது, அவருடைய வாக்காளரே அவரைக் கேட்பார்.

2025 மார்ச் 21 அன்று புண்டஸ்ராட் 69-இல் 53 வாக்குகளோடு அடிப்படைச் சட்டத்தை மறுபடி திருத்தியது. மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து மொத்த உற்பத்தியில் 0.35 சதவீதம் வரை கடன் வாங்கலாம் என்றானது, 50,000 கோடி யூரோ சிறப்பு நிதியில் 10,000 கோடி அவர்களுக்கும் ஊராட்சிகளுக்கும் என்றானது. வரி விகிதம் பற்றி அந்தத் திருத்தத்தில் ஒரு வரிகூடக் கிடையாது, 53 வாக்குகளைப் போட்ட முதல்வர்கள் அதைக் கேட்கவும் இல்லை.