எட்டாம் மாதத்துப் பிள்ளை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

31 வாரத்திலேயே மகள் பிறந்துவிட்டாள். எடை 1,400 கிராம். பன்னிரண்டு நாளாக என்.ஐ.சி.யு.வில், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், இருக்கிறாள். அந்த மானிட்டர் சத்தம் வீட்டுக்கு வந்த பிறகும் காதில் கேட்கிறது. 'எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது' என்று ஒரு உறவுக்காரர் என் காதுபடச் சொன்னார். நான் என்ன தவறு செய்தேன் என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே போனாலும் யாரோ மாதிரி ஓரமாக நிற்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த எட்டாம் மாதப் பேச்சு. ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிழைக்காது என்பது நம் ஊரின் பழைய நம்பிக்கை. அது பொய். வயிற்றில் கூடுதலாக இருந்த ஒவ்வொரு வாரமும் குழந்தையின் நுரையீரலுக்குப் பலம்தான். குறைப்பிரசவம் ஏன் நடந்தது என்று பல நேரம் டாக்டர்களாலேயே சொல்ல முடிவதில்லை. உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள்.

என் தங்கை மகன் 30 வாரத்தில் பிறந்தவன். அலாரம் அடித்தாலே அவள் சுவரைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் நர்ஸ் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். பிள்ளை உதைத்ததில் காலில் கட்டிய சென்சார் நழுவியிருந்தது, அவ்வளவுதான். நிஜமாகவே சில நொடி மூச்சு நிற்பதும் உண்டு, மூச்சை நடத்தும் மூளைப்பகுதி இன்னும் முதிராததால். லேசாக உள்ளங்காலைத் தேய்த்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். காபியில் இருக்கும் அதே கஃபீனைத்தான் இதற்கு மருந்தாகவும் கொடுக்கிறார்கள். எது எதற்கு அடிக்கிறது என்று கேளுங்கள். தெரிந்துகொண்ட பிறகுதான் தங்கை தூங்கினாள்.

அப்புறம், ஓரமாக நிற்காதீர்கள். 'எப்போது பிள்ளையைத் தோலோடு தோலாக நெஞ்சில் போட்டுக்கொள்ளலாம்' என்று டாக்டரிடம் தினமும் கேளுங்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய கங்காரு பராமரிப்பு இது. தினமும் 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யலாம் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம்.

இனி வருவதை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள். தங்கைக்கு ஆறுதல் சொன்னவர்கள் நிறையப் பேர். உதவியது வேறு. உறவுக்காரர்களின் போனையெல்லாம் அவள் கணவரே எடுத்தார். பீய்ச்சிய பாலில் நேரம் எழுதி ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். ராத்திரி இரண்டு மணிக்கு அவள் பால் பீய்ச்சும்போது மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் பேசாமல். பச்சை உடம்புக்காரிக்கு அதைவிட என்ன வேண்டும்?

அழுகையும் பயமும் இரண்டு வாரம் தாண்டியும் விடவில்லை என்றால் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மகளுக்குப் பெயர் வைத்துவிட்டீர்களா? இன்குபேட்டரில் உங்கள் பெயரைப் போட்டு 'பேபி ஆஃப்' என்றுதான் எழுதியிருப்பார்கள். நீங்கள் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள். அந்தக் குரல் அவள் வயிற்றிலிருந்தே கேட்டதுதான்.