கூட்டினால் 83, குடும்பங்களோ 60

மட்டக்களப்பு மாவட்டத்தில் வவுணதீவுப் பக்கத்துக் கிராம அபிவிருத்திச் சங்கமொன்றின் செயலாளர் கேட்கிறார்: "எக்செல் பட்டியலில் 60 குடும்பங்கள் இருக்கின்றன. தொழில் நிரலில் 'வேளாண்மை, மீன்பிடி' என்று ஒரே கலத்தில் இரண்டு மூன்று தொழில்கள் வருகின்றன. வேளாண்மை 34, மீன்பிடி 27, மாடு 22. கூட்டினால் 83. பிரதேச செயலகத்துக்கு எதைக் கொடுப்பது?"

உங்கள் கூட்டலில் பிழையில்லை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வயலும் மாடும் வாவியும் பல வேளை ஒரே வீட்டுக்குச் சோறு போடுகின்றன. அந்த வீடு ஒவ்வொரு தொழிலிலும் ஒருமுறை எண்ணப்பட்டுவிட்டது. 83 தொழில்களின் தொகை, குடும்பங்கள் 60தான்.

செயலகம் அனுப்பிய கேள்வியை முதலில் திரும்பப் படியுங்கள். 'வேளாண்மையும் மீன்பிடியும் செய்யும் குடும்பங்கள்' என்றால் இரண்டையும் செய்பவர்கள். 'வேளாண்மைக் குடும்பங்களும் மீன்பிடிக் குடும்பங்களும்' என்றால் ஒன்றையாவது செய்பவர்கள். 'உம்' ஒட்டும் இடம் மாறினால் விடையும் மாறும். ஐயமிருந்தால் தொலைபேசி எடுத்துக் கேட்டுவிடுங்கள். எந்தச் சூத்திரமும் இதைத் தீர்த்துவைக்காது.

இரண்டையும் செய்பவர்களை எண்ண, பல நிபந்தனைகளுக்கும் ஒருங்கே பொருந்தும் கலங்களை எண்ணும் 'கவுண்டிஃப்ஸ்' (COUNTIFS) சார்பில் அதே தொழில் நிரலை இருமுறை கொடுங்கள். முதல் நிபந்தனை வேளாண்மை, அடுத்தது மீன்பிடி. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டு, மேற்கோள் குறிக்குள் அடையுங்கள். நட்சத்திரத்தை மறந்தால் கலம் முழுவதும் அந்த ஒரு சொல்லாகவே இருக்க வேண்டும் என்று எக்செல் எடுத்துக்கொள்ளும், விடை பூச்சியம்தான். சரியாகப் போட்டு 9 வந்தது என்று வையுங்கள். ஒன்றையாவது செய்பவர்கள் 34 + 27 − 9, அதாவது 52. மாட்டையும் சேர்த்தால் மூன்று தொழில்களின் கூட்டுத்தொகையிலிருந்து, இரண்டிரண்டு தொழில்களாக எண்ணிய மூன்று சோடிகளின் எண்களையும் கழித்து, மூன்றையும் செய்பவர்களை மறுபடி கூட்ட வேண்டும். வகைவாரியாக எண்ணித் தொகுத்துத் தரும் பிவட் டேபிள் இந்தப் பட்டியலுக்கு உதவாது. 'வேளாண்மை, மீன்பிடி', 'மீன்பிடி, வேளாண்மை' இரண்டும் அதற்கு இரு வேறு வகைகள்.

தமிழுக்கே உரிய பொறி ஒன்றும் இருக்கிறது. 'மாடு' என்று தேடினால் 'மாட்டுப்பண்ணை' அகப்படாது. புணர்ச்சி விதி எக்செலுக்குத் தெரியாதே! வயல், நெற்செய்கை என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தாலும் அவை நழுவிவிடும். ஆகவே 22 என்ற எண்ணையே நான் உடனே நம்பமாட்டேன்.

ஒரு மாலைப்பொழுது ஒதுக்க முடிந்தால் தொழிலுக்கு ஒரு நிரல் போட்டு, இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று நிரப்புங்கள். நிரைவாரியாகக் கூட்டி, கூட்டுத்தொகை 0-ஐ விடப் பெரிதாக உள்ள நிரைகளை எண்ணினால் ஒன்றையாவது செய்யும் குடும்பங்கள் வந்துவிடும். கழிப்பதும் மறுபடி கூட்டுவதும் தேவையில்லை.

தொடங்குமுன் ஒரு கலத்தைச் சொடுக்கி மேலே சூத்திரப் பட்டையைப் பாருங்கள். அங்கே ஆங்கில எழுத்துக் குவியல் தெரிந்தால் அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது; அதில் ஆங்கில எழுத்துகளே தமிழ் வடிவில் தெரியும். யூனிகோடுக்கு மாற்றாமல் தேடினால் ஒன்றும் அகப்படாது.